மியூட் மேடம்

ரிமோட்டைத் தலைக்கு மேலே தூக்கி, கொசு அடிப்பது போல ஒரு வீசு வீசி, மேடம் சத்தத்தை நிறுத்துகிறார்.

"இப்பப் பாருங்க. இப்பச் சொல்லுங்க, இந்த ஆளு என்ன பண்றான்?"

திரையில் ஒருவன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தவரை உலகத்தையே கொளுத்திவிடுவான் போலிருந்தவன், சத்தம் போனதும் பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி ஆகிவிடுகிறான். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கிறது. மேடம் சிரிப்பதில்லை. அவர்கள் சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறார். மறுபடியும் சத்தமில்லாமல்தான்.

கல்லூரியில் அவருக்கு மியூட் மேடம் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்த பியூன் ஒருவர் அதுதான் நிஜப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, துறைத் தலைவர் எதிரிலேயே, "மியூட் மேடம், உங்களுக்குப் போன்" என்று கூப்பிட்டுவிட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேடம் எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து டீயைக் குடித்தார்.

அவர் நடத்துவது இசை வீடியோ. பாட்டு எப்படி எடுக்கிறார்கள் என்பதல்ல, எடுத்த பாட்டை எப்படிப் பார்ப்பது என்பது. பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோருக்கு இது புரிய நேரமாகும். "பாட்டு பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று ஒரு அப்பா வாய்விட்டே கேட்டார். "பாட்டு பாக்கறதுக்கு இல்ல சார், பாட்டு நம்மள எப்படிப் பாக்க வைக்குதுங்கறதுக்கு" என்றார் மேடம். அந்த அப்பா, சரி, இந்தம்மாவிடம் வாய் கொடுத்துப் பயனில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆள் குள்ளம். புரொஜெக்டரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேசைமேல் ஏறி நிற்பார். அங்கிருந்தபடியே பாடம் ஆரம்பமாகிவிடும். ஒவ்வொரு வகைப் பாட்டுக்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு என்பது அவர் கட்சி.

"ராப் பாட்டா, கேமரா தரையில உட்காந்துக்கும். பாடறவன் மேலேருந்து நம்மள அதட்டுவான். அவன் பின்னாடி அவன் தெருவே திரண்டு நிக்கணும். தனியா நின்னு பாடினான்னா அது ராப் இல்ல, புலம்பல். ராக் பாட்டா, இழுத்து மூடின ஃபேக்டரி ஒண்ணு வேணும். ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கணும். நாலு பக்கமும் சுவர், ஆனா எங்கேருந்தோ காத்தடிச்சு பாடறவன் முடி மட்டும் பறக்கும். கிடார்காரன் முடி பறக்காது, கவனிச்சிருக்கீங்களா? ஃபேன் ஒண்ணுதான். ஆட்டப் பாட்டா, காலைக் காட்டணும். காலை வெட்டிட்டு இடுப்புக்கு மேல காட்டினா, அந்தாளுக்கு ஆட வராதுன்னு அர்த்தம். காதல் பாட்டா, அவ ஒரு ஜன்னல் ஓரம், இவன் ஒரு ஜன்னல் ஓரம். ரெண்டு பேருக்கும் வேலைவெட்டி கிடையாது. கம்ப்யூட்டர்ல செஞ்ச பாட்டா, ஆளே வேண்டாம். வட்டமும் கோடும் ஆடினாப் போதும்."

இதையெல்லாம் சொல்லும்போது காட்சி மாறுகிற இடங்களில் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார். டக், டக், டக்டக், டக். முதல் வாரத்தில் மாணவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு அவர்களே வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து தொடையில் தட்டுகிறார்கள் என்று பெற்றோர் சொல்வார்கள்.

பழக்கம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் சுவரில் டிவி ஓடினால் மேடத்தின் உதடு அசையும். "இப்ப மேலேருந்து காட்டுவான்" என்பார். காட்டுவான். பக்கத்தில் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்ப்பார். சித்தப்பா மகள் கல்யாணத்தில் வீடியோக்காரரை ஓரமாக அழைத்துப்போய், "மாப்பிள்ளை முகத்தை ஏன் இத்தனை தடவை கிட்டப் போய்க் காட்டறீங்க? அவர் எங்கயும் ஓடிட மாட்டார்" என்று சொன்னதில் சம்பந்தி வீட்டார் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கதையை இன்றைக்கும் உறவுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. மேடம் இருக்கும் இடத்தில் மட்டும் இப்போது சொல்வதில்லை. அந்தக் கல்யாணத்தில் அக்காவை இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு வரிசையில் உட்கார வைத்தவன் அவர் தம்பி என்பதால்.

தம்பி ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தான். குழுவில் அவனுக்கு இடி என்று பெயர். பாடுகிறவன் மேடத்தின் பழைய மாணவன். முடியை வளர்த்துப் பின்னால் கட்டியிருந்ததால் சடையன். பட்டம் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வீட்டுக்கு வந்த சடையன், உள் அறையில் யாரோ கதவையும் கட்டிலையும் மாற்றி மாற்றித் தாளம் போடுவதைக் கேட்டு, "மேடம், யாரு அது?" என்றான். அன்றைக்கே குழு சேர்ந்துவிட்டது.

மூன்றாம் மாடி வீடு. டிரம்ஸ் வந்து இறங்கிய நாளில் இருந்து கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் அம்மாவைப் பார்த்தால் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். தம்பி தோல்களின் மேல் ரப்பர் போட்டு மூடினான், துண்டு போட்டு மூடினான், கடைசியில் வெறும் காற்றிலேயே வாசித்துப் பழகினான். கண்ணை மூடிக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்து கையை வீசுகிறவனைப் பார்த்து அம்மா, "யாரை அடிக்கிற மாதிரி கனா கண்டிட்டிருக்கே?" என்பார்.

குழுவின் வீடியோ ஒவ்வொன்று வந்தவுடனும் அவன் முதலில் அக்காவிடம்தான் தூக்கிக்கொண்டு வருவான். அக்கா அறுத்துப் போடவேண்டும், அவன் அதைக் கேட்டு ரசிக்கவேண்டும். சடையனின் முடி பறக்கும். கிடார்காரனின் விரல் கிட்டத்தில் வரும். உடைந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வரும்.

"நீ எங்கடா இதுல?"

"நிறுத்துக்கா, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. ஆங், அந்த முழங்கை."

"எது?"

"சடையன் காதுக்குப் பின்னாடி தெரியுது பாரு. அது நான்தான்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். "பெத்தவளுக்கு முழங்கையைக் காட்டறான் பாரு! ஏண்டா, மூஞ்சியைக் காட்டினா அபராதமா?"

"டிரம்ஸ்காரனுக்கு மூஞ்சி கிடையாதும்மா. கை உண்டு, குச்சி உண்டு, வெண்கலத் தட்டு அதிரும், அவ்வளவுதான். உன் பொண்ணைக் கேளு, இது உலகம் பூரா உள்ள சட்டம்."

மேடம் ஆமாம் என்பார். சட்டம்தான் அது. பின்னால் உட்கார்ந்திருப்பவன், எழுந்து வர முடியாதவன், முன்னால் நாலு தட்டு மறைக்கிறது. அரை நொடி வெட்டுகளில் வந்து போவான். வகுப்பில் இதைச் சொல்லும்போது தம்பியின் முழங்கையைத்தான் உதாரணம் காட்டுவார். அதில் தம்பிக்குப் பெருமை. "என் முழங்கைக்கு யூனிவர்சிட்டியில பாடம் நடக்குது" என்று குழுவில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தம்பி போனது நல்ல பகலில். ஒரு கல்லூரி விழாவில் வாசித்து முடித்திருந்தார்கள். கச்சேரி முடிந்தால் பாடுகிறவன் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடலாம், கிடார்காரன் கிடாரைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். டிரம்ஸ்காரன் மட்டும் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சுமந்து வேனில் ஏற்றவேண்டும். மற்றவர்கள் நிழல் தேடிப் போகும்போது, "நீங்க போங்கடா, நான் கட்டிட்டு வரேன்" என்றானாம். பெரிய டிரம்மை வேனுக்குள் தள்ளிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தான். களைத்து உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சடையன் தண்ணீர் பாட்டிலோடு வந்து கூப்பிட்டுப் பார்த்து, தோளைத் தொட்டிருக்கிறான். நெஞ்சுக்குள் பிறந்ததிலிருந்தே ஏதோ கோளாறு இருந்திருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். இத்தனை வருஷம் அவ்வளவு பெரிய சத்தங்களுக்கு அடியில் அது சத்தம் காட்டாமல் இருந்திருக்கிறது.

அம்மா டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு 'ஹலோ'வை வைத்து ஆளின் வயசு, கோபம், காலையில் சாப்பிட்டாரா இல்லையா எல்லாம் சொல்லிவிடுவார். அவர் அழவில்லை. முதல் சில வாரங்கள் வந்தவர்களுக்கெல்லாம் அவரே காபி போட்டுக் கொடுத்தார். பிறகு ஒருநாள், மகள் கல்லூரியிலிருந்து வந்து பையை வைப்பதற்குள், "அவன் முகம் நல்லாத் தெரியற மாதிரி ஒரு வீடியோ எடுத்துக் குடேன்" என்றார்.

"போட்டோ இருக்கேம்மா. பெருசாவே மாட்டி வச்சிருக்கோம்."

"போட்டோல மூச்சு விடமாட்டேங்கறான்டி."

மேடம் தேட ஆரம்பித்தார். குழுவின் வீடியோக்களை எல்லாம் ஒவ்வொன்றாக, காட்சி காட்சியாக. வேலையே அதுதானே அவருக்கு. கல்லூரியில் பேப்பர் திருத்துகிற நேரமெல்லாம் போயிற்று. முழங்கை கிடைத்தது. மணிக்கட்டு கிடைத்தது. அதிர்கிற தட்டுக்குப் பின்னால் ஒரு நெற்றி, வியர்வையோடு. ஒரு இடத்தில் பல் தெரிந்தது, சிரிப்பா, அழுத்தி அடிப்பதில் வந்த இளிப்பா என்று தீர்மானிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினாலும் ஒரு ஆள் வரவில்லை. உலகம் பூரா உள்ள சட்டம் தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் அதைச் சொல்லித் தந்து சம்பளம் வாங்கியவரால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் உட்கார்ந்து இப்படித் தேடும்போதும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார். வகுப்பில் செய்வது பழக்கம். இது பயம். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"ஏன் ஊமையா ஓட்டறே?"

"சும்மாதாம்மா."

"சத்தத்தை வை. எங்கேயோ முழங்கையைத் தேடிட்டிருக்கியே, பாட்டு பூரா அவன்தானே அடிக்கிறான்."

மேடம் வைத்தார். இருவரும் கேட்டார்கள். இரண்டாவது பாட்டில் அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சடையன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முடியைச் சுத்தமாக வெட்டியிருந்தான். வெட்டிய பிறகும் பெயர் சடையன்தான். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். தம்பி கடைசியாக வாசித்துப் பதிவு செய்த பாட்டு ஒன்று வெளிவராமல் இருந்தது. அதற்கு ஒரு வீடியோ செய்திருந்தார்கள், அவன் நினைவாக.

"நீங்க பாத்து சரின்னாதான் மேடம் வெளிய விடுவோம். இல்லேன்னா அப்படியே வச்சிடறோம்."

சாப்பாட்டு மேசையில் வைத்து ஓட்டினான். அஞ்சலி வீடியோவுக்கும் சட்டம் உண்டு. அவன் அவரிடமே படித்த பாடம். ஒன்றையும் விடாமல் செய்திருந்தான். எல்லாம் கருப்பு வெள்ளை. ஆளில்லாத முக்காலிமேல் மேலிருந்து ஒற்றை வெளிச்சம். அதன்மேல் குறுக்கே வைத்த இரண்டு குச்சிகள். கடல். கடலுக்கு மேலே பறவைக் கூட்டம். இவற்றுக்கு நடுவே, யாரோ போனில் எடுத்த ஒரு துண்டு: மேடைக்குப் போகும் நீண்ட நடைவழி, தம்பி தட்டுகள் வைக்கிற பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகு காட்டி நடக்கிறான். கடைசியில், கதவருகே, ஒருமுறை திரும்பி, எடுப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறான். வெளிச்சத்துக்குள் போய்விடுகிறான். அதை அப்படியே இழுத்து மெதுவாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் தண்ணீருக்குள் வைப்பது போல.

முழு முகம். திரும்பி, நேராக. மேடம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது வகுப்புக் குரல்தான் வந்தது.

"பறவை எதுக்கு?"

"சும்மா, மனசு கனக்கட்டும்னு..."

"இதுக்கு மேல கனக்கணுமா? அவனுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்? பால்கனியில ஒரு புறா உட்காந்தா என்னைக் கூப்பிடுவான், வந்து விரட்டுன்னு."

சடையனுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் வேறு ஏதோவாக மாறியது. "எடுத்துடறேன் மேடம்."

"கருப்பு வெள்ளை வேணாம். அவன் என்ன கலர் சட்டை போட்டிருக்கான் இதுல?"

"ஆரஞ்சு."

"ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆளைப் போய் எதுக்கு சாம்பலாக்கறே?"

சொல்லிய பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது. சடையன் குனிந்துகொண்டான். அப்போது அம்மா கூடத்துக்கு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. குரல்களைக் கேட்டு வந்திருக்கவேண்டும். சடையன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான். அந்த நடைவழித் துண்டை மறுபடி ஓட்டினான்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னால் குனிந்து பார்த்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மகன் நடந்தான். நடந்தான். இன்னும் நடந்தான்.

"ஏன் இவ்வளவு மெதுவா நடக்கறான்?" என்றார் அம்மா. "கால்ல ஏதாவது அடியா?"

அம்மா சடையன் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு உடம்பு முடியலையா அவனுக்கு? ஏண்டா, உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"இல்லம்மா," என்றான் சடையன். "நல்லாத்தான் இருந்தான். அது ஸ்லோ மோஷன். நாங்கதான் மெதுவாக்கினோம்."

"எதுக்கு? அவன் என்னிக்கு மெதுவா நடந்தான்? நடக்கப் பழகின நாள்லேருந்து ஓட்டம்தான். அவன் பின்னாடி ஓடியே எனக்கு மூட்டு தேஞ்சது." மகளைப் பார்த்தார். "நீ படிச்சவதானே, நீயாவது சொல்லக்கூடாதா? எம்புள்ளைய நொண்டியாட்டம் காட்டறாங்க, பாத்துக்கிட்டு உட்காந்திருக்கே."

மேடம் சடையனிடம் சொன்னார். பறவை போகட்டும், கடல் போகட்டும், வண்ணம் திரும்ப வரட்டும், அவன் நடந்த வேகத்திலேயே நடக்கட்டும். அழவைக்கவேண்டும் என்று எதையும் செய்யவேண்டாம். சடையன் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பழைய மாணவன். அவர் சொல்வது சரி என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அவன் வருவதற்கு முன்பே குளித்து, தலைவாரி, கண்ணாடியைத் துடைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். சடையன் ஓட்டினான். வீடியோ நன்றாக இருந்தது. எந்த அலங்காரமும் இல்லாமல், பதிவு அறையில் அவர்கள் வாசிப்பது, சாப்பிடுவது, வேனில் தூங்குவது. பிறகு நடைவழி. ஆரஞ்சுச் சட்டை. அம்மா மூக்கின்மேல் கண்ணாடியைச் சரியாக ஏற்றிவைத்துக்கொண்டார். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

"எங்கே?" என்றார் அம்மா.

"போயிட்டான்மா" என்றார் மேடம்.

காட்சியைத்தான் சொன்னார். ஆனால் அத்தனை மாதமாக அந்த வீட்டார் இருவரும் வாயால் சொல்லாமல் ஒதுக்கி வைத்திருந்த சொல் அது. வந்தவர்கள் சொன்னார்கள், டாக்டர் சொன்னார், கீழ்வீட்டுக்காரர்கூட மேலேறி வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. சடையன் அவசரமாகப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். வந்தான், திரும்பினான், போனான். மறுபடி. திரும்புவதைப் பார்த்தால் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. சிரிப்புக்குக் காத்திருந்தால் நடை தவறிப்போயிற்று. அவன் எப்போதும் போலத்தான் நடந்தான். மாடிப்படியில், "அம்மா, வரேன்" என்ற சத்தம் காதில் விழுவதற்குள் தெருமுனைக்குப் போய்விடுகிறவன்.

வெகுநேரம் கழித்து அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய மாதிரியே போடச் சொல்லு. மெதுவாவே நடக்கட்டும்."

"நீதானேம்மா சொன்னே, நொண்டி மாதிரி..."

"சொன்னேன். அன்னிக்குச் சொன்னேன், இன்னிக்கு இதைச் சொல்றேன். நொண்டினாலும் பரவாயில்ல. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்."

மேடத்துக்கு அந்தக் காட்சிக்கு எதிராகச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. மற்றதெல்லாம் இயல்பான ஓட்டத்தில் இருக்கும்போது அது மட்டும் துருத்தும், கெஞ்சும், பார்ப்பவரின் கண்ணீரைக் கையேந்திக் கேட்கும். அம்மாவின் கை மேசைமேல், மடிக்கணினியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது. "அந்த ஒண்ணை மட்டும் மெதுவாக்கிடு" என்றார் சடையனிடம். "எவ்வளவு மெதுவா மேடம்?" என்று அவன் கேட்டான். "அம்மா சொல்ற அளவுக்கு." அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை சடையன் இழுத்தான். அவர் போதும் என்று சொல்ல நேரமாயிற்று.

வீடியோ வெளியாகி, சுமாராக நாலு பேர் பார்த்தார்கள். குழு புது டிரம்ஸ்காரன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டது. சேர்ப்பதற்கு முன்பு தயங்கித் தயங்கி அனுமதி கேட்கச் சடையன் வந்திருந்தான். "வாசிக்காம எப்படிப்பா இருப்பீங்க" என்றார் அம்மா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மடிக்கணினியில் அந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா படுக்கிறார். ஓட்டுவது, நிறுத்துவது, பின்னால் போவது எல்லாம் கற்றுக்கொண்டாகிவிட்டது. மேடம் கூட உட்கார்வதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு இருக்கும்.

வகுப்பில் இந்தப் பருவத்தில் ஆளுக்கொரு வீடியோ எடுத்துக்கொண்டு வந்து பிரித்துக் காட்டவேண்டும். ஒருவன் ராப், ஒருத்தி சினிமாப் பாட்டு, பல்லவிக்கு ஒரு சட்டை மாறுவதைப் பட்டியல் போட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அடுத்து எழுந்தவள் இரண்டாவது வரிசைப் பெண். எதற்கும் முதலில் கை தூக்குகிறவள். இந்த வருஷம்தான் சேர்ந்தவள். மேடம் வீட்டுக் கதை பழைய ஆட்களுக்குத்தான் தெரியும்.

"நான் அஞ்சலி வகை எடுத்திருக்கேன் மேடம். இந்த பேண்டுல டிரம்ஸ் வாசிச்சவர் இறந்துட்டாராம். அவருக்காகப் பண்ணது."

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஆரஞ்சு நிறம் வந்தது.

அவள் நன்றாகவே பிரித்தாள். இந்த வகையில் வழக்கமாக வருகிற கருப்பு வெள்ளையைத் தவிர்த்திருக்கிறார்கள், மெழுகுவத்தி இல்லை, வானம் இல்லை, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது என்றாள். பதிவு அறைக் காட்சிகளில் வெட்டு டிரம்ஸ் அடிக்குச் சரியாக விழுவதைக் காட்டினாள். வழக்கமாகப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆளை முன்னால் கொண்டுவர அந்தத் தாளத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றாள். மேடம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று கேட்டார்.

"ஆனா இந்த இடம் மட்டும் ஒட்டல மேடம்" என்றாள் அவள். திரையில் நடைவழி. "மத்தது எல்லாம் சாதாரண வேகம். இது மட்டும் ஒரே இழுவை. இவ்வளவு மெதுவா வேண்டியதே இல்ல. அழ வைக்கணும்னே வச்ச மாதிரி இருக்கு. இதை எடுத்துட்டா வீடியோ இன்னும் நல்லா இருக்கும்."

பின் வரிசையில் யாரோ ஆமாம் என்றார்கள்.

"சரியாத்தான் பாத்திருக்கே" என்றார் மேடம். இருட்டில் அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "எடுத்திருந்தா வீடியோ நல்லாத்தான் இருந்திருக்கும்." பிறகு, "அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டும்மா" என்றார்.

அவள் ஓட்டினாள். வீட்டு மடிக்கணினியில் உள்ளங்கையளவு தெரிந்தவன் இங்கே சுவரளவுக்கு நடந்தான். பை தோளில் ஏறி இறங்கியது. கழுத்தோரம் வியர்வை தெரிந்தது. சட்டைக் காலரின் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடந்தது, கண்ணாடி பார்க்காமல் மாட்டிக்கொண்டு ஓடி வந்தவனைப் போல. இத்தனை தடவையில் மேடம் அதைப் பார்த்திருக்கவில்லை.

"நிறுத்து."

அவள் நிறுத்தினாள். மேடம் சுவரை விட்டு நகர்ந்து, புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் குனிந்து, திரைக்கு முன்னால் போய் நின்றார். குதிகாலைத் தூக்கி எட்டி, இரண்டு விரலால் அந்தக் காலரை வெளியே எடுத்துவிட்டார்.